அம்புலன்ஸில இருக்கிற ஏசியை இரவில ஓட்டலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இண்டைக்கு ஒரே ஒரு கேள்விதான். திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. அப்பிடியே வாசிக்கிறன்: "டெண்டரில ஒரு பழைய ஹையேஸ் அம்புலன்ஸ் வருது. அதை வாங்கி காம்பிங் வான் ஆக்குவமெண்டு நானும் அவரும் யோசிக்கிறம். பின்பக்கத்துக்கு ஏற்கனவே தனி ஏசி இருக்கு. குச்சவெளி, அரிசிமலைப் பக்கம் போய் நிண்டால், இரவில அந்த ஏசியைப் போட்டுட்டுப் படுக்கலாமா?"

கேள்வியைப் பாத்ததில இருந்து மனசுக்குள்ள இதுதான் ஓடிக்கொண்டிருக்கு. ஏனெண்டால் அம்புலன்ஸை மாத்துற வேலையில ஆக்கள் பிழை விடுற இடம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு. பதில் சுருக்கமா: ஏலாது தங்கச்சி. ஓட்டக்கூடாது.

அந்த ஏசியின்ர கொம்பிரசர் எஞ்சின் பெல்ட்டில சுத்துறது. பின்னுக்குத் தனிக் குளிர் பெட்டியும் தனிக் காத்தாடியும் இருக்கிறதால தனி ஏசி மாதிரித் தெரியும். ஆனால் கொம்பிரசர் எஞ்சினோடதான். எஞ்சின் நிண்டால் வெறும் காத்துத்தான் வரும். இரவு முழுக்க எஞ்சினை ஐடிலில விட்டால், அந்த அளவு டீசல் எஞ்சின் ஏசியோட மணித்தியாலத்துக்கு 1 லீற்றரில இருந்து 1.5 லீற்றர் வரை குடிக்கும். எட்டு மணித்தியால நித்திரைக்கு 8–12 லீற்றர். காசு போனாலும் பரவாயில்லை எண்டு சொல்லுவியள். புகை? டீசல் புகையில காபன் மொனொக்சைட் பெற்றோலை விடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பின்கதவு ரப்பர் பழசாகி இருக்கும், காத்து இரவில திசை மாறும், சைலன்சர் பைப் பின்னுக்குத்தான் முடியுது. ஆக்கள் படுத்திருக்கிற வாகனத்தில எஞ்சினை ஓட விடாதேங்கோ. பற்றரியில வேலை செய்யிற காபன் மொனொக்சைட் அலாரம் ஒண்டு வாங்கி, தலை வைக்கிற பக்கத்தில பூட்டுங்கோ. உள்ளுக்குக் காஸ் அடுப்பு வைக்கிற ஆக்களுக்கும் அது கட்டாயம்.

இப்ப நான் எப்பவும் சொல்லுற விசயத்துக்கு வாறன். பழைய பஸ் பற்றிக் கதைச்ச காணொளியைப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், திரும்பவும் சொல்லுறன். அம்புலன்ஸ், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க உள்ளுக்கு ஆள் இருக்கிறதுக்காகச் செய்த வாகனம். காம்பிங் வான், எஞ்சின் நிண்ட பிறகு உள்ளுக்கு ஆள் இருக்கிற வாகனம். இதை விளங்கிக்கொண்டால் எதை வச்சிருக்கிறது, எதைக் கழட்டுறது எண்டு நீங்களே முடிவெடுப்பியள்.

முதல் உதாரணம் கரண்ட். அம்புலன்ஸில பெரிய டைனமோ இருக்கும், ரெண்டாவது பற்றரி இருக்கும், ரெண்டையும் சேத்து விடுற றிலே இருக்கும். பாத்த உடனே "காம்பிங்குக்கு எல்லாம் ரெடி" எண்டு தோணும். ஆனால் அந்த ரெண்டாவது பற்றரி டைனமோ கொடுக்கக் கொடுக்கத்தான் நிண்டது. எஞ்சின் நிப்பாட்டி ஒரு முழு இரவைத் தாங்கச் சொல்லி அதை ஒருத்தரும் வைக்கேல்ல.

எங்கட வெக்கைக்கு ஒரு நாள் கணக்கைப் போடுவம். 12 வோல்ட் கொம்பிரசர் பிரிட்ஜ், 40–50 லீற்றர் அளவு, ஏறக்குறைய 500 வாட்-அவர் (ஒரு வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு வாட்-அவர்). கூரைக் காத்தாடி 25 வாட்டில 10 மணித்தியாலம், 250. லைற் 50, போன்கள் 100. எல்லாமா 900. 100 அம்பியர்-அவர் லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரியில 1280 வாட்-அவர் இருக்கு. எண்பது வீதம் பாவிச்சால் ஆயிரத்துச் சொச்சம். ஒண்டு போதும். அதே அளவு லெட்-அசிட் பற்றரியெண்டால் பாதிக்கு மேல இறக்கக்கூடாது, அப்ப 600தான் கிடைக்கும், ரெண்டு வேணும். ஒண்டு 30 கிலோ வரும். லிதியம் 12 கிலோவுக்குள்ள முடியும். கூரையில 200 வாட் சோலர் போட்டால், நல்ல வெயிலை அஞ்சு மணித்தியாலமா எடுத்து, இழப்பெல்லாம் கழிச்சு நாளுக்கு 750 அளவில வரும். மிச்சத்தை வாகனம் ஓடேக்க டைனமோ நிரப்பும்.

பற்றரி ஏசி போடலாமே எண்டு கேக்கப் போறியள். 12 வோல்ட் ஏசி சராசரி 500 வாட் எடுத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு 4000 வாட்-அவர். நான் சொன்ன பற்றரி நாலு. ஹையேஸ் கூரையில காத்தாடிக்கு இடம் விட்டுப் போட்டால் 400 வாட் சோலர் பிடிக்கும், அது ஒரு நாளில 1500. ஒரு இரவு ஏசிக்கு மூண்டு நாள் வெயில் பிடிக்கவேணும். ஏசி இல்லாமல் படுக்கவே ஏலாதெண்டால், நிலாவெளியில விடுதி வளவுக்குள்ள நிப்பாட்டி 230 வோல்ட்டைச் செருகுங்கோ. சில அம்புலன்ஸில வெளியில செருகுற சொக்கெட் ஏற்கனவே இருக்கும், அதைக் கழட்டாதேங்கோ. ஆனால் உள்ளுக்கு கரண்ட் கசிஞ்சால் தானா நிப்பாட்டுற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கோ, வாகன பொடிக்கு ஏர்த் பிடிச்சிருக்கோ எண்டு பாத்த பிறகுதான் பாவிக்கவேணும்.

லிதியம் போட்டால் பழைய றிலேயை அப்பிடியே வச்சிருக்காதேங்கோ. லிதியம் பற்றரி தன்ர இஸ்டத்துக்கு இழுக்கும். மெதுவா ஊர்ந்து போகேக்க டைனமோவின்ர விசிறியும் மெதுவாச் சுத்தும், சூடு ஏறி டைனமோ கருகும். இடையில 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் வையுங்கோ, டைனமோ கரண்டை அளவாக்கி ரெண்டாவது பற்றரிக்கு விடுற பெட்டி அது. ஹபரணை வரை ஒண்டரை மணித்தியாலம் ஓடினால் 45 அம்பியர்-அவர் ஏறும். வயர் 16 சதுர மில்லிமீற்றர். முன்னுக்கிருந்து பின்னுக்கு 5 மீற்றர், திரும்பி 5 மீற்றர் எண்டு எடுத்தால் 30 அம்பியருக்கு 0.35 வோல்ட் விழும். 6 சதுர மில்லிமீற்றர் வயரில அதுவே 0.9 வோல்ட். "சார்ஜர் சரியில்லை" எண்டு கொண்டு வாற கனக்க வாகனத்தில பிழை வயரிலதான். பியூஸ் ரெண்டு முனையிலயும் வேணும், பற்றரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. ரெண்டு பக்கமும் பற்றரி இருக்கு, எந்தப் பக்கத்தில இருந்தும் வயர் எரியும்.

பழைய வயரை என்ன செய்யிறது? கட்டரை எடுத்துக் கொத்தாக வெட்டிடாதேங்கோ. சைரன், சுழல் லைற், உள் லைற் எல்லாத்துக்கும் பிறகு இழுத்த வயரை கொம்பனி வயரோடயே சேத்து டேப் சுத்தியிருப்பினம். பிறேக் லைற் வயர் எது, சைரன் வயர் எதெண்டு வெளியில இருந்து தெரியாது. சாமான் இருக்கிற முனையில இருந்து ஒவ்வொண்டாப் பிடிச்சு பியூஸ் பெட்டி வரை போங்கோ, பேர் எழுதி ஒட்டுங்கோ, பிறகு கழட்டுங்கோ. கழட்டி முடிய, திறப்பை எடுத்து, கதவெல்லாம் பூட்டி, பற்றரி நெகட்டிவ் வயரைக் கழட்டி, இடையில மல்டிமீற்றரைத் தொடராகப் பிடிச்சுப் பாருங்கோ. 50 மில்லி அம்பியருக்குள்ள இருந்தால் நல்லம். அரை அம்பியர் காட்டினால் ஏதோ ஒரு பெட்டி இன்னும் முழிச்சிருக்கு. அது நாளுக்கு 12 அம்பியர்-அவர் தின்னும். மூண்டாம் நாள் அரிசிமலையில வாகனம் ஸ்ராட் வராது.

அடுத்தது காத்து. இதிலயும் அதே கதைதான். எஞ்சின் ஓடும், ஏசி ஓடும் எண்டு நம்பித்தான் அம்புலன்ஸின்ர பின்பக்கத்தை மூடின பெட்டியாகச் செய்யிறது. கண்ணாடி பாதி மங்கல், சிலது திறக்கவே மாட்டுது. வெளிநாட்டு வீடியோக்கள் பாத்து சுவர் முழுக்க பஞ்சு அடைக்கிறதை முதல் வேலையா வைக்கிற ஆக்கள் இருக்கினம். அந்த ஊர்க் குளிருக்கு அது சரி. ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கேக்க திருகோணமலையில உங்களுக்கு வேணுமானது காத்துப் போக்குவரத்து. கூரைக்கு மட்டும் ஈரத்தை உறிஞ்சாத, துளைகள் மூடின வகை போம் ஒட்டுங்கோ. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், எங்கட ஈரக்காத்தைக் குடிச்சு வச்சிருந்து தகட்டை அரிக்கும்.

14 அங்குலக் கூரைக் காத்தாடியைப் பின்பக்கம் வச்சு வெளியில தள்ள விடுங்கோ. அது 36க்கு 36 சென்ரிமீற்றர் ஓட்டை, 1300 சதுர சென்ரிமீற்றர். உள்ளுக்கு வாற வழி அதை விடச் சின்னனெண்டால் காத்தாடி சத்தம் மட்டும்தான் போடும். நுளம்பு வலை போட்டால் வழி ஏறக்குறையப் பாதியாகும். அப்ப 2600 வேணும். 90க்கு 45 தள்ளுக் கண்ணாடி பாதிதான் திறக்கும், அது 2000. அதால ஒரு கண்ணாடி காணாது, ரெண்டு வேணும், ரெண்டும் முன்பக்கம். இந்தக் கணக்கைச் செய்யாமல்தான் கனபேர் "காத்தாடி போட்டும் வேர்க்குது" எண்டு எழுதுகினம். கூரை வெள்ளையாவே இருக்கட்டும். பச்சை, கறுப்பு அடிச்சு அட்வென்ச்சர் வாகனமாக் காட்டுற ஆசையைப் பக்கச் சுவரோட நிப்பாட்டுங்கோ.

சுழல் லைற் கழட்டின ஓட்டைகள் இருக்கே, அதுதான் மழை உள்ளுக்கு வாற வாசல். கார்த்திகை, மார்கழி வாடையில தெரியும். சிலிக்கன் பூசி மூடாதேங்கோ. வினாகிரி மணக்கிற சிலிக்கனில இருக்கிற அசிட் இரும்பைத் தின்னும். ஓரத்தைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை பியூ (பொலியூரிதேன்) சீலன்ட்டில ஒட்டி றிவெட் அடியுங்கோ.

தங்கச்சி, நீங்கள் ஏசியைக் கேட்டனீங்கள். அந்த வாகனத்தில கறள் எங்க இருக்கு, எஞ்சின் எத்தினை மணித்தியாலம் ஓடியிருக்கு எண்டு கேட்டிருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பன்.

மீற்றரில இருக்கிற கிலோமீற்றரை அம்புலன்ஸில நம்பேலாது. ஆஸ்பத்திரி வாசலில, விபத்து நடந்த இடத்தில, ஏசியோட நிண்டு ஓடின நேரம் அதில இல்லை. ஒரு மணித்தியால ஐடில் 40–50 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சமமெண்டு கணக்கெடுப்பினம். ஐடிலில எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது, எரியாத டீசல் ஒயிலுக்க இறங்கும், புகையில ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர் வழியெல்லாம் கரி கட்டும். டொயோட்டாவின்ர ஒன்-கேடி டீசல் எஞ்சினெண்டால் இஞ்செக்டர் அடியில இருக்கிற செப்பு வாசர் கசிஞ்சு, கரி ஒயிலுக்குள்ள போய், ஒயில் சம்பில, அதாவது எஞ்சினுக்கு அடியில ஒயில் தேங்குற தட்டில, இருக்கிற வடியை அடைக்கும். பிறகு ஒயில் மேல ஏறாது, எஞ்சின் இறுகி நிண்டிடும். வாங்கின உடனே சம்பைக் கழட்டி அந்த வடியைப் பாருங்கோ, வாசரை மாத்துங்கோ, ரைமிங் பெல்ட்டையும் மாத்துங்கோ. பெல்ட்டை எப்ப மாத்தினது எண்டு எழுத்தில இல்லாட்டி, மாத்தேல்ல எண்டே எடுங்கோ.

கறளுக்கு, நிலத்தில ஒட்டியிருக்கிற வைனல் விரிப்பைப் பாருங்கோ. மேல மினுங்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவின தண்ணி, ஸ்ட்ரெச்சர் பூட்டின போல்ட் ஓட்டையால இறங்கி அடியில இருக்கிற பிளைவூட்டை ஊற வச்சிருக்கும். கீழ படுத்து ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்கோ, முக்கியமா பின்படி, பின்சில்லு வளைவு, கதவின்ர அடி. கடற்கரைப் பக்கம் ஓடின வாகனமெண்டால் ரெண்டு மடங்கு கவனம். கதவடியில இருக்கிற தண்ணி வடியிற துளைகள் மண்ணால அடைபட்டிருந்தால் முதல் அதைத் திறவுங்கோ.

விரிப்பைக் கட்டாயம் கழட்டவேணும், சுத்தத்துக்காகவும்தான். தடிச்ச கையுறை போட்டு, டோர்ச் அடிச்சுப் பாத்து, குறட்டால எடுங்கோ. அலுமாரிக்குப் பின்னால ஊசி விழுந்து கிடக்கும், வெறுங்கையை விடாதேங்கோ. 5 வீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி ஒன்பது பங்கு, பத்து நிமிசம் ஈரமா விட்டு, நல்ல தண்ணியால கழுவுங்கோ. கழுவாமல் விட்டால் பிளீச்சே தகட்டை அரிக்கும். ரொய்லட் கழுவுற அசிட்டோட அதைக் கலக்காதேங்கோ, குளோரின் வாயு வரும்.

ஒட்சிசன் பைப்பைக் கழட்டி எறியுங்கோ, காஸுக்கு அதைப் பாவிக்க நினைக்காதேங்கோ. சமையல் காஸ் காத்தை விடப் பாரம், நிலத்தில தேங்கும். சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில வெளிய திறக்கிற ஓட்டை வேணும். அலுமினிய அலுமாரிகளை வச்சிருங்கோ, அந்தப் பூட்டுகள் குழி றோட்டிலயும் திறக்காது. உதவியாளர் இருக்கிற பெல்ட் சீற்றையும் கழட்டாதேங்கோ. ஸ்ட்ரெச்சர் மேடை பாரம், அது போகட்டும். தண்ணித் தாங்கி 40 லீற்றர், 40 கிலோ. பின் அச்சுக்கு முன்னால, கீழ வையுங்கோ. பின்கதவோட வச்சால் குச்சவெளி மணலில பின்சில்லு புதையும்.

கடைசியா பேப்பர். பதிவுப் புத்தகத்தில வகுப்பு அம்புலன்ஸ் எண்டு இருந்தால் அதை மாத்தவேணும். காசு கட்ட முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில, இந்த வாகனத்தை என்ன வகுப்புக்கு மாத்தலாம், வரிச் சலுகையில வந்ததெண்டால் ஏதும் கட்டவேணுமோ எண்டு கேளுங்கோ. சைரனும் சுழல் லைற்றும் அம்புலன்ஸ் எழுத்தும் றோட்டுக்கு இறங்க முதல் போகவேணும்.

டெண்டர் பாக்கப் போகேக்க ஸ்குரூ டிரைவர், டோர்ச், ஒரு பழைய பாய் கொண்டு போங்கோ தங்கச்சி. அடியில படுத்து பின்படியையும், ஒயில் சம்பையும், ஸ்ட்ரெச்சர் போல்ட்டுகள் கீழால வாற இடத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ. விலை எழுத முதல் பாத்துச் சொல்லுறன்.