வலது கை, ஒரு கால்: பச்சிளம் குழந்தையின் இதயத்துக்கு ஒரு சின்ன டெஸ்ட்

(காட்சி: தூங்கும் குழந்தை. உள்ளங்காலில் சுற்றிய பட்டையில் சிவப்பு வெளிச்சம்.)

குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகிறது. பால் குடிக்கிறது, நிறமும் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்தப் பட்டை?

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயக் குறைபாடு இருக்கிறது. அதில் சுமார் கால்வாசி ஆபத்தான வகை. சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் அது வெளியே தெரியாமலே இருக்கலாம்.

(காட்சி: இதயத்தின் வரைபடம். இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய்.)

கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். சில குறைபாடுகளில் ரத்த ஓட்டமே அந்த வழியைத்தான் நம்பியிருக்கிறது. திறந்திருக்கும்வரை குழந்தை நன்றாக இருக்கும். மூடியதும் நிலைமை மளமளவென்று மோசமாகும். பல சமயம் வீட்டுக்குப் போன பிறகு.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்கு இறங்கினாலும் தோல் நீலமாகத் தெரியாது. கண்ணை நம்ப முடியாது. அந்த அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வேண்டும். அந்தச் சிவப்பு வெளிச்சப் பட்டை அதுதான்.

சரி, ஏன் வலது கை? அதற்குப் போகும் ரத்தக்குழாய், அந்தக் குறுக்குவழி வந்து சேர்வதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தம் அதைத் தாண்டித்தான் போகிறது. ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் நடுவில் கலந்தால், கையில் ஒரு எண், காலில் அதைவிடக் குறைந்த எண்.

(காட்சி: திரையில் 98, 97.)

இரண்டிலும் 95 அல்லது அதற்கு மேல், வித்தியாசம் 3-க்குள்: பாஸ். எதிலாவது 90-க்குக் கீழ்: உடனே டாக்டர். இடைப்பட்டதென்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். குழந்தை காலை உதைத்தாலோ, பாதம் சில்லென்று இருந்தாலோ எண் தடுமாறும். 24 மணி நேரத்துக்கு முன்பே பார்த்தாலும் வீண் பதற்றம் அதிகம்.

வலி கிடையாது, சில நிமிடம்தான். அமெரிக்கா 2011-இல் பச்சிளம் குழந்தைகளுக்கான பரிசோதனைகளின் பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

எண் குறைந்தால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுப்பார்கள். காரணம் நோய்த்தொற்றாகவோ நுரையீரல் கோளாறாகவோகூட இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதும் லாபமே. இதயம்தான் என்றால், குறுக்குவழி மூடாமல் இருக்க புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றிவிட்டு சிகிச்சையைத் திட்டமிடலாம்.

(காட்சி: பால் குடிக்கும் குழந்தை, நெற்றியில் வியர்வை.)

இந்த டெஸ்ட் எல்லாவற்றையும் பிடிக்காது. பெருந்தமனி குறுகியிருப்பது அடிக்கடி தப்பிவிடும். பால் குடிக்கையில் வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், ‘அன்றைக்கு பாஸ் ஆச்சே’ என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.