கோழிக்குக் கண்ணில் காயமா?

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவனாகப் பேசுகிறேன்.

சென்ற மாதம் ஒரு பாட்டி, முந்தானையில் பொதிந்து ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்தார். அடைக்கோழி கொத்தியதில் இடது கண் வீங்கி, இமைகள் ஒட்டிக் கிடந்தன. “கண் போய்விட்டது ஐயா, இனிக் குழம்புக்குத்தான்” என்றார். வெதுவெதுப்பான உப்பு நீரில் பஞ்சை நனைத்து, தேய்க்காமல் ஒற்றிக்கொண்டே இருந்தேன். பொருக்கு இளகியது. இமை பிரிந்தது. உள்ளே கருவிழி மிளகு போலப் பளபளத்தது. காயம் இமையில் மட்டும்தான்!

ஆகவே, ஒட்டிய கண்ணைக் கண்டதும் குருடு என்று தீர்மானித்துவிடாதீர்கள். அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள். கோழியைத் துண்டில் தளர்வாகச் சுற்றுங்கள். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சிழுக்க உதவும் தசைத் திரை, கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே உயிர் போய்விடும். கழுவும்போது மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு சவ்வு கண்ணின் குறுக்கே ஓடி மறையும். அது மூன்றாவது இமை. சீழ் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

பச்சிலைச் சாறு, வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, கருவிழியிலும் கீறல் இருந்தால் புண் ஆறாது, துளையே விழலாம். மருத்துவர் ஒரு சாயத்தை விட்டுப் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும். அதன் பிறகே மருந்து. விழி வெளுத்திருந்தாலோ உள்ளே இரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு வாருங்கள். மருந்து கொடுத்தால் முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் அங்கேயே கொத்தும். பஞ்சாரத்தை நிழலில் கவிழ்த்துத் தனியே விடுங்கள். தீனியும் தண்ணீரும் நல்ல கண் இருக்கும் பக்கம் இருக்கட்டும்.

எல்லாமே காயம் அல்ல. முகம் வீங்கி மூக்கில் நாற்றத்தோடு சளி வடிந்தால் அது தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். கொண்டையிலும் இமையிலும் கொப்புளம் என்றால் அம்மை. கொசுவும் அதைப் பரப்பும். பல கோழிகள் ஒரே நேரத்தில் கண்ணை இடுக்கினால், கூட்டுக்குள் கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் கண்ணும் எரிந்தால், ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம். கூட்டைச் சுத்தம் செய்து உலரவிடுங்கள்.

பாட்டியின் பெட்டை பத்தாம் நாள் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. வணக்கம்.