ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்... ஆனா முயலைச் சுட்டா? | சேர்வராயன் மலையில ஒரு சட்டப் பாடம்

[ஏற்காடு மலைப்பாதை, சாயங்கால வெளிச்சம். பின்னணியில குரல் மட்டும்.]

மக்களே, ஒரு கேள்வி. ஏற்காட்டுல உங்க சொந்தக் காப்பித் தோட்டம். பட்டா உங்க பேர்ல. கையில ஒரு ஏர் கன், பில்லோட வாங்கினது. லைசென்ஸே தேவையில்லைன்னு கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தாரு. எதிர்ல ஒரு முயல். சுடறீங்க. குறி தப்பிருச்சு. முயலுக்கு ஒரு முடிகூட உதிரல, அது பாட்டுக்கு ஓடிருச்சு. இப்ப நீங்க செஞ்சது குற்றமா, இல்லையா?

குற்றம்தான். மூணு வருசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும். முயல் உயிரோட இருக்கு, நீங்க கோர்ட்டுல இருப்பீங்க.

[தொகுப்பாளர் திரைக்கு வருகிறார்.]

வணக்கங்க. போன வீடியோவுக்கு வந்த கமெண்ட்ல பாதி, "அண்ணா, ஏர் கன் லீகலா?"ங்கிற கேள்வி. கேட்டவங்க எல்லாரும் ஒரே ஆளுன்னு எனக்கு ஒரு சந்தேகம், இருந்தாலும் பதில் சொல்லிடறேன். கேள்வி அரைகுறையா இருக்கு, அதான் பிரச்சனை. ஏர் கன் வெச்சிருக்கலாமாங்கிறது ஒரு சட்டம். அதை வெச்சு ஒரு உயிரைச் சுடலாமாங்கிறது வேற சட்டம். கடைக்காரருக்கு முதல் சட்டம் மட்டும் தெரிஞ்சாப் போதும். உங்களுக்கு ரெண்டும் தெரியணும்.

முதல் சட்டத்தைச் சட்டுனு முடிச்சுடலாம். 2016-ல வந்த ஆயுத விதிகள்படி, குழாய் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர், அதுக்கு மேல போகக் கூடாது. குண்டு வெளிய வர்ற வேகத்துல இருக்கிற சக்தி 20 ஜூலுக்கு மேல போகக் கூடாது. ரெண்டுக்கும் உள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம். ஒண்ணு தாண்டினாலும் வேணும். 5.5 மில்லிமீட்டர் கன்னை வாங்கிட்டு வந்து "இதுவும் காத்துல தானே சுடுது"ன்னு பேசினா வேலைக்கு ஆகாது. ஸ்பிரிங்கை மாத்தி, பட்டறையில குடுத்துப் பவர் ஏத்தறவங்களுக்கும் இதே கதைதான்.

இதுக்கு முன்னாடி இருந்த பழைய விதி எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி. ஜூல் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு அங்குல கனத்துல ஒரு மரப்பலகை, அஞ்சடி தூரம், சுட்டுப் பாரு, துளைக்குதா இல்லையா! அரசாங்கம் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுச் சட்டம் எழுதின மாதிரி இருக்கு.

சரி, 20 ஜூல்னா எவ்வளவு? இங்கதான் நான் ராத்திரி தூங்காம கால்குலேட்டரோட உட்கார்ந்துட்டேன்.

[திரையில்: கிரிக்கெட் பந்தும் பெல்லட்டும் (ஏர் கன் குண்டு) பக்கத்துப் பக்கத்துல.]

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கோங்க. சேலத்துக்காரங்களுக்கு எந்தக் கணக்கையும் அவரை வெச்சுச் சொன்னாத்தான் புரியும். கிரிக்கெட் பந்து 160 கிராம். அவர் 140 கிலோமீட்டர் வேகத்துல ஒரு யார்க்கர் போட்டா அதுல இருக்கிற சக்தி சுமார் 120 ஜூல். ஏர் கன்னோட உச்ச வரம்பை விட ஆறு மடங்கு! அப்ப நடராஜனுக்கு லைசென்ஸ் எங்கேன்னு கேட்காதீங்க, அதை அம்பயர் பாத்துக்குவாரு.

அந்தப் பந்து பேடுல பட்டா வலிக்கும், வீங்கும், உள்ள போகாது. ஏன்னா அது அகலமா மோதுது. பெல்லட் என்ன பண்ணுது? அரை கிராம் ஈயம். 20 ஜூல் வேணும்னா அது நொடிக்கு 280 மீட்டருக்கு மேல பறக்கணும். மணிக்குக் கணக்குப் போட்டா ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டுது. அந்தச் சக்தி முழுசும் 4.5 மில்லிமீட்டர் வட்டத்துல இறங்குது. அதனாலதான் யார்க்கர்ல ஆறுல ஒரு பங்கு சக்தியோட இருந்தும் தோலைத் துளைச்சுட்டு உள்ள போகுது. கண்ணுல பட்டா கண் போயிடும். "இது பொம்மைத் துப்பாக்கிதானே"ன்னு பையன் கையில குடுக்கிற மாமாக்கள் இந்த இடத்தை ரீவைண்ட் பண்ணிப் பாருங்க.

இப்ப ரெண்டாவது சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத விசயம்: இந்தச் சட்டம் பிறந்தப்போ இந்தியாவுல சிறு வேட்டைக்கு லைசென்ஸ் இருந்துச்சு. நிஜமா! பெரிய வேட்டைக்குத் தனி, சிறு வேட்டைக்குத் தனி. சட்டத்தோட நாலாவது அட்டவணைக்குப் பேரே சிறு வேட்டை உயிர்கள்தான். முயல் அந்தப் பட்டியல்லதான் இருந்துச்சு. உங்க தாத்தா "அந்தக் காலத்துல நாங்க பர்மிட் வாங்கி வேட்டைக்குப் போனோம்"னு சொன்னா அது கதை இல்லாம இருக்கலாம். 1991-ல திருத்தம் வந்து அந்த லைசென்ஸ் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. தாத்தா சொன்னது சரி. அதைக் கேட்டுட்டுப் பேரன் கிளம்பினாத்தான் தப்பு.

2022-ல இன்னொரு திருத்தம். அது 2023 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. விலங்குகளுக்கு இருந்த பல அட்டவணைகளைச் சுருக்கி ரெண்டே ரெண்டு ஆக்கினாங்க. முயல் இப்ப ரெண்டாவதுல. மயில், காட்டுமாடு முதலாவதுல. முதலாவதுல இருக்கிறது மேல கை வெச்சா மூணு வருசத்துல ஆரம்பிச்சு ஏழு வருசம் வரைக்கும் சிறை.

தோட்டத்துக்குள்ள காட்டுமாடு வந்தா ஏர் கன்ல "சும்மா ஒண்ணு தட்டி" விரட்டறேன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. ஐயா, அது ஒரு டன் வரைக்கும் போற ஜீவன். உங்க குண்டு அரை கிராம். அதுக்குக் கோபம் வந்தா உங்களுக்கு வக்கீலே தேவைப்படாது.

அப்ப எலி, காக்கா? பழைய சட்டத்துல அஞ்சாவது அட்டவணைன்னு ஒண்ணு இருந்துச்சு. காக்கா, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் அதுல. அதுங்களுக்கு அப்பப் பாதுகாப்பு இல்ல. அந்த அட்டவணையையே இப்ப எடுத்தாச்சு. ஒரு உயிரைத் தொல்லைன்னு அறிவிக்கணும்னா மத்திய அரசு தனியா அறிவிக்கை போடணும். நீங்களோ நானோ மொட்டை மாடியில நின்னு அறிவிக்க முடியாது.

[திரையில்: "வேட்டை = ?"]

ஆரம்பத்துல விட்ட முயலைப் பிடிப்போம். இந்தச் சட்டத்துல வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்ல. பிடிக்கிறது, கண்ணி வைக்கிறது, விஷம் வைக்கிறது, காயப்படுத்தறது, அதுக்காக விரட்டறது, இது எதையாவது செய்ய முயற்சி பண்றது, எல்லாமே வேட்டை. அதனால கையில ஏர் கன் இருந்தா என்ன, உண்டிவில் இருந்தா என்ன, அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள்ள வெக்கிற நாட்டு வெடி, இருந்தா என்ன. கருவியை வெச்சுத் தப்பிக்க வழியே கிடையாது. சொந்த நிலம்ங்கிறதும் எடுபடாது. நிலம்தான் உங்களோடது, அதுல ஓடற முயல் உங்களோடது இல்ல. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போய்ச் சுட்டா 1882-ல போட்ட தமிழ்நாடு வனச் சட்டமும் கூடச் சேர்ந்துக்கும்.

இன்னும் ரெண்டு ஆப்பு இருக்கு. கறி உங்ககிட்ட இருந்தா, அது சட்டவிரோதமா வந்தது இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். வேட்டைக்குப் பயன்படுத்தின துப்பாக்கியும் வண்டியும் அரசாங்கச் சொத்தாகிடும். முயல் கறிக்கு ஆசைப்பட்டு இஎம்ஐ முடியாத பைக்கை விட்டுட்டு வர்றதை விட, ஹைவே ஓட்டல்ல பண்ணையில வளர்த்த காடை வறுவல் ரெண்டு பிளேட் சாப்பிடுங்க. விலை குறைச்சல், எலும்பும் மெத்துனு இருக்கும்.

"ஆனா யூடியூப்ல வெள்ளைக்காரங்க அணிலைச் சுடறாங்களே அண்ணா?" சுடறாங்க. இங்கிலாந்துல 12 அடி-பவுண்டு, சுமார் 16 ஜூல், அந்த வரம்புக்குள்ள இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். நில உரிமையாளர் சரின்னா முயலைச் சுடலாம். அந்தச் சாம்பல் அணில் அவங்க ஊருக்கே வெளிநாட்டுல இருந்து வந்து புகுந்தது. பக்கத்துல இருக்கிற ஸ்காட்லாந்துல 2016 கடைசியில இருந்து ஏர் கன்னுக்கே சான்றிதழ் வேணும். அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் வேற விதி. ஒரே தீவுக்குள்ளயே சட்டம் மாறுது, நீங்க அதைப் பாத்துட்டு அயோத்தியாப்பட்டணத்துல முயற்சி பண்ணாதீங்க.

காட்டுப்பன்றி கேக்கறவங்களுக்கு: ஏர் கன் பன்னிக்குக் கிச்சுக்கிச்சு. பயிரைத் தின்னா வனத்துறைக்கு மனு குடுங்க. சுடணும்னா அவங்கதான் சுடுவாங்க. தெருநாய் கேக்கறவங்களுக்கு: நாய் அந்த அட்டவணைகள்ல இல்ல. ஆனா பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்ப இருக்கிற குற்றவியல் தண்டனைச் சட்டம், அதுல 325-வது பிரிவு இருக்கு. விலங்கைக் கொன்னா, ஊனமாக்கினா அஞ்சு வருசம் வரைக்கும்.

கையில கன் இருக்கு, என்னதான் பண்றதுங்கிறவங்க 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பக்கம் வாங்க. 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் ஜெயிச்சது இதே 4.5 மில்லிமீட்டர் பெல்லட்லதான். அதுல பத்து பாயின்ட் புள்ளியோட அகலம் அரை மில்லிமீட்டர், பெல்லட்டே அதை விட ஒன்பது மடங்கு பெருசு. முயலைக் குறி தப்பினவங்க இதை ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு, எத்தனை பாயின்ட் வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. பொய் சொல்லாம.