பழைய பிக்கப்புக்கு மூன்றாவது பிரேக் விளக்கு

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிறேன். எஸ்டேட்டுகளில் பச்சைத் தேயிலை சுமக்கும் பழைய ஜீப் பிக்கப்புகளை வைத்திருப்பவர்களுக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன். அந்த வண்டிகளின் பின்னால் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கு வேண்டும்.

காரணம் நம்ம ஊர் மூடுபனி. பழைய வண்டியில் டெயில் விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே சிவப்புக் கண்ணாடிக்குள், ஒரே பல்பில்தான் இருக்கும். பல்புக்குள் 5 வாட் இழை ஒன்று, 21 வாட் இழை ஒன்று. பனியில் விளக்கு போட்டுக்கொண்டு இறங்கும்போது 5 வாட் ஏற்கெனவே எரிகிறது. பிரேக் மிதித்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். பின்னால் வருகிறவருக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. மூன்றாவது விளக்கு அப்படியில்லை: மிதித்தால் மட்டும் எரியும், இல்லாவிட்டால் இருட்டு.

நாம் இரண்டாவது கியரில் இன்ஜினை வைத்தே இறங்குகிறவர்கள். வேகம் குறையும், ஆனால் பின்னால் சிவப்பு எரியாது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் சமவெளிக் கார் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தால், வளைவுக்கு முன்பே பெடலை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் 1974-ல் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் கூடுதல் பிரேக் விளக்கு வைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து மோதுவது 60 சதவீதம் குறைந்தது. அங்கே 1986 மாடல் கார்களுக்கும், 1994 மாடல் முதல் பிக்கப்புகளுக்கும் அது கட்டாயமானது. எல்லாக் கார்களிலும் வந்தபிறகு பலன் 4.3 சதவீதமாகச் சுருங்கியது என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையே 1998-ல் கணக்கிட்டது. குறைவுதான். ஆனாலும் ஒரு விளக்கும் நாலு முழ வயரும் போடுகிற செலவுக்கு அது பெரிய லாபம் என்பேன்.

எங்கே வைப்பது? கேபின் கண்ணாடிக்கு மேலே வைப்பதுதான் வழக்கம். மூட்டையேற்றித் தார்ப்பாய் கட்டினால் அது மறைந்துபோகும். லோடு அடிக்கிற வண்டிக்குத் தார்ப்பாய்க் கம்பியின் கடைசி வளைவில், நடுவில் வையுங்கள்.

வயரிங்கில்தான் பலர் தவறுகிறார்கள். சில வண்டிகளில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பின்னால் ஒரே இழை. பின்னால் அந்த இழைக்குப் போகும் வயரிலிருந்து இணைப்பு எடுத்தால் இண்டிகேட்டர் போடும்போது மூன்றாவதும் சிமிட்டும். பிரேக் சுவிட்சிலிருந்து வெளியே வரும் வயரில், அது இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகும் முன்பே எடுக்க வேண்டும்.

எல்ஈடி விளக்கே நல்லது. பழைய பிரேக் சுவிட்சின் முனைகள் இன்னொரு 21 வாட் பல்பைச் சுமந்தால் சீக்கிரம் கரிந்துவிடும். எல்ஈடி இழுக்கும் கரண்ட் சொற்பம். இழை பல்பை விட ஏறக்குறைய 0.2 வினாடி முந்தியும் எரியும். மணிக்கு 36 கிலோமீட்டரில் அது 2 மீட்டர் தூரம்! வாங்குமுன் பேட்டரியைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் எல்ஈடி சரியாக எரியாது. பாசிட்டிவ் எர்த் வண்டியானால், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்த வண்டியானால், எல்ஈடியின் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எர்த்துக்குத் துருப்பிடித்த பாடியை நம்பாதீர்கள், தனி வயர் ஓட்டுங்கள். தகரத்தில் போட்ட ஓட்டைக்கு ரப்பர் வளையம், இணைப்புக்கு ஈயப்பற்று, அதன்மேல் சுருங்கும் ஸ்லீவ். நம்ம ஈரத்தில் வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

வேலை முடிந்ததும் பொழுது சாய்ந்த பிறகு வண்டியைச் சுவரோரம் பின்பக்கமாக நிறுத்துங்கள். டெயில் விளக்கையும் இண்டிகேட்டரையும் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். நடுவில் விழும் சிவப்பு அசையாமல் நின்றால் இணைப்பு சரி. இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்தால் வயரைத் தவறான இடத்தில் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே பிரித்து மாற்றச் சொல்லுங்கள். வணக்கம்.