கருமணலும் கடவாய்ப் பல்லும்

(மணவாளக்குறிச்சியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

வணக்கம். கடற்கரை ஊர்ப் பாட்டி ஒருவருக்குக் கீழ்க்கடவாய்ப் பல் போய்விட்டது. தாடையெலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல் வேரான இம்பிளான்ட் வைக்கலாம் என்று சொல்லி, அந்த டைட்டானியத் திருகாணியைக் கையில் கொடுத்தேன். சுண்டுவிரல் நகத்தளவு நீளம்தான். புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு ஜன்னல் கம்பி உப்புக்காத்துல ரெண்டு வருசத்துல இத்துப்போச்சு. இது வாய்க்குள்ள துருப் பிடிக்காதா மக்களே?" என்றார்.

படித்தவர்கள்கூட விலையைத்தான் கேட்பார்கள். எச்சிலும் உப்புத் தண்ணீர்தானே!

"துருப் பிடிக்கும், பாட்டி. கடைந்தெடுத்த கணமே பிடித்துவிடும்" என்றேன். காற்றுப் பட்டதும் டைட்டானியத்தின் மேல் ஓர் ஆக்சைடு படலம் படிகிறது. கனம் சில நானோமீட்டர். இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே அரிக்கும். இது உதிராது, கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். எலும்பு வந்து சேர்வதும் அந்தப் படலத்தின் மேல்தான்.

ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1950களில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலெலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். திரும்ப எடுக்கப் போனால் வரவில்லை, எலும்போடு எலும்பாகிவிட்டது. 1965இல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானிய இம்பிளான்ட் வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருடம், அது பயன்பட்டது.

சரி, இங்கே வரும்போது நீங்கள் மிதித்த கருமணல் என்ன? இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பிணைந்தது. நம்மூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை அதைத்தான் மணலிலிருந்து பிரிக்கிறது. பெருமைக்காக மிகைப்படுத்த மாட்டேன்: உலகில் டைட்டானியத் தாதுவின் பெரும்பகுதி போவது வெள்ளை பெயின்டுக்கு. உலோகமாக்குவது பெரும்பாடு. குளோரினோடு சேர்த்து, அப்புறம் மக்னீசியத்தால் ஆக்சிஜன் அண்டாமல் பிரிக்க வேண்டும். அத்தனை பாடுபட்டுப் பிரித்தாலும், காற்றைக் கண்டதும் மேலே மறுபடி ஆக்சிஜனைப் போர்த்திக்கொள்கிறது!

இம்பிளான்ட் பெரும்பாலும் தூய டைட்டானியம், அல்லது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது. நிக்கல் கலந்தால் வேறு குணம்: வளைத்துவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பல் வரிசையைச் சீராக்கக் கட்டும் கம்பியும், வேர் சிகிச்சையில் வளைந்த வேருக்குள் நுழையும் மெல்லிய அரமும் அதுதான். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உலோகம் தாங்கும், ஈறு தாங்குமா என்பதுதான் என் கவலை. புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் இம்பிளான்டை ஆட்டிவிடும். பாட்டிக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். நாலு மாதத்தில் குறைத்துக்கொண்டு வந்தார்.

"புகையிலை?" என்று கேட்டேன்.

வெற்றிலைப் பையை மடியில் செருகிக்கொண்டே, "அது வேற, இது வேற மக்களே" என்றார்.