ஒன்பதாவது கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

மனச்சோர்வு என்று டாக்டரிடம் போனவர்கள் இங்கே இருந்தால், அவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கக்கூடும். அதில் இருப்பது ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா? தூக்கம் எப்படி? பசி எப்படி? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 27. பி.எச்.க்யூ.-9 என்பது அதன் பெயர். எத்தனையோ மொழிகளில் இன்று புழக்கத்தில் இருக்கிறது.

இந்தத் தாளை நம்பலாமா என்று பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. வேறு வேறு தேவைகளுக்காகக் கிளினிக்குகளுக்கு வந்திருந்த 6,000 பேர் அதில் பதில் எழுதினார்கள். அவர்களில் 580 பேரிடம் மனநல நிபுணர்கள் தனியாகப் பேசி, தாள் சொல்வதும் தாங்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். அந்த 6,000 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் உட்கார்ந்து உண்மையை எழுதியதால்தான், இன்று முன்பின் தெரியாத ஒருவரின் சோர்வை ஒரு டாக்டரால் சில நிமிடங்களில் கண்டுகொள்ள முடிகிறது.

நான் இன்று பேச வந்தது அவர்களைப் போன்றவர்களைப் பற்றித்தான். மனநல ஆய்வுகளில் தாமாக முன்வந்து பங்கேற்பவர்களைப் பற்றி.

மற்ற நோய்களில் உடம்பே சாட்சி சொல்லிவிடும். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தால் போதும், எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே போதும். மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. எலியை வைத்து ஓரளவு பார்க்கலாம். ஆனால் ‘விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது’ என்று எலி சொல்லாது. மனிதர்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நமக்குத் தெரிந்த முக்கால்வாசி விஷயம் யாரோ ஒருவர் தன் வேதனையை இன்னொருவரிடம் சொன்னதால் தெரிந்ததே.

லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பித்து நிலையும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு இன்றும் கொடுக்கும் மருந்து. 1940களின் இறுதியில் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அதை முதலில் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தார், பிறகு தானே சாப்பிட்டுப் பார்த்தார், அதன் பிறகே பித்து நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். நல்ல பலன் தெரிந்தது. ஆனால் முதலில் தேறிய நோயாளியே 1950இல் லித்தியத்தின் நச்சால் இறந்துபோனார். இன்று லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்களே, அந்தக் கவனத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட இழப்புகள் இருக்கின்றன. இதை மறைத்துவிட்டு ‘எல்லோரும் வாருங்கள்’ என்று அழைக்க எனக்கு மனம் வராது.

இதைவிடக் கசப்பானதும் உண்டு. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றான இமிப்ரமினின் பலன், 1950களில் சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் கண்டறியப்பட்டது. அது கோடிக்கணக்கானோருக்கு வழி திறந்த கண்டுபிடிப்பு. அந்த மருத்துவமனையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்து 2019இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அங்கே பல ஆண்டுகளாகப் பல மருந்துகள் நோயாளிகள் பலருக்குத் தெரியாமலே சோதிக்கப்பட்டது அதில் வெளிவந்தது. மருந்து நல்ல மருந்துதான், அது வந்த வழி நல்ல வழி இல்லை. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விதிகள் பிறந்தது இப்படிப்பட்ட காயங்களிலிருந்துதான். நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணைக்குப் பிறகு 1947இல் வந்த நியூரம்பர்க் நெறிகளின் முதல் நெறியே, சம்பந்தப்பட்டவரின் மனமுவந்த சம்மதம் இல்லாமல் எதுவும் கூடாது என்பது. 1964இல் உலக மருத்துவச் சங்கம், மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. 2024இல் அதைத் திருத்தியபோது ஒரு சொல்லை மாற்றினார்கள். அதுவரை ‘ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்’ என்ற பொருளில் எழுதிவந்த இடங்களில் ‘பங்கேற்பாளர்’ என்று எழுதினார்கள். அறுபது ஆண்டு ஆகியிருக்கிறது இந்த ஒரு சொல்லுக்கு. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? பல ஆய்வுகள் வெறும் கேள்வித்தாளும் பேச்சும்தான். சிலவற்றில் எச்சில் அல்லது ரத்தம் எடுப்பார்கள், சிலவற்றில் தூக்கத்தைக் கவனிப்பார்கள். மருந்தையோ கவுன்சலிங் முறையையோ சோதிப்பவை தனி வகை, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

நான் ஒருமுறை மூளை ஸ்கேன் ஆய்வுக்குப் போனேன். நோய் இல்லாதவர்களின் வரிசையில். இது பலருக்குத் தெரிவதில்லை. மனச்சோர்வு உள்ளவரின் மூளை எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல, அது இல்லாதவரின் மூளையும் பக்கத்தில் வேண்டும். ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்பவர்களும் தேவைப்படுகிறார்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். உடம்பில் எங்காவது உலோகம் இருக்கிறதா என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். எரிச்சலாக இருந்தது. ஸ்கேன் இயந்திரத்தில் இருக்கும் காந்தத்தின் பலத்தைப் பற்றிச் சொன்ன பிறகு, நான்காவது முறையும் கேட்கட்டும் என்று தோன்றியது. காதில் அடைப்பான் வைத்து, கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்தார்கள். ‘பயமாக இருந்தால், மூச்சு முட்டினால், சும்மா வெளியே வரணும் என்று தோன்றினாலும் இதை அழுத்துங்க, உடனே நிறுத்திடுவோம்’ என்றார் ஸ்கேன் எடுத்த பெண். இயந்திரம் தட்டத் தொடங்கியது. தலைக்கு மேல் யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போல. நாற்பது நிமிடம் நான் அந்தக் குமிழை அழுத்தவே இல்லை, ஆனால் ஒரு நொடிகூடக் கையிலிருந்து விடவும் இல்லை. அது கையில் இருந்ததால்தான் நாற்பது நிமிடமும் படுத்திருக்க முடிந்தது.

ஒப்புதல் படிவமும் அந்தக் குமிழைப் போலத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி மாட்டிக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். பாதியில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது. இதையெல்லாம் எழுத்தில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படியுங்கள். ‘இப்பவே போடுங்க’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது மருந்து ஆய்வுகள். 1982இல் பால் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் உடனிருந்தவர்களும், மனநல ஆய்வுகளில் சேர்ந்தவர்களிடம் பேசியபோது ஒன்றைக் கவனித்தார்கள். தனக்கு எது நல்லது என்று பார்த்துத்தான் டாக்டர் ஆய்வின் இந்தப் பிரிவில் தன்னைப் போட்டிருக்கிறார் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலும் டாக்டருக்கே அது தெரியாது. ஆய்வின் நோக்கம் விடை தேடுவது. சிகிச்சையின் நோக்கம் உங்களைக் குணமாக்குவது. இரண்டும் ஒரே அறையில், ஒரே வெள்ளைக் கோட்டோடு நடப்பதால் குழம்பிப்போகிறோம். தாங்க முடியாத நிலையில் இருப்பவர் முதலில் போக வேண்டியது சிகிச்சைக்குத்தான். இன்னொன்று, ஆய்வில் சேரத் தகுதி வேண்டும் என்பதற்காக, சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

போலி மாத்திரை என்றால் ஏமாற்று என்று ஒரு கோபம் வரும். ஆனால் மனச்சோர்வு ஆய்வுகளில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. நாளாக ஆகத் தானே தேறுவது, வாரா வாரம் ஒருவர் அக்கறையாக விசாரிப்பது, நம்பிக்கை, எல்லாம் சேர்ந்த பலன் அது. அதைக் கழித்துப் பார்க்காமல் மருந்தின் பலன் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். ‘நாலு பேருக்குத் தெரிந்தால்?’ நியாயமான பயம். ஒழுங்கான ஆய்வில் உங்கள் பெயருக்குப் பதில் ஒரு எண்தான் இருக்கும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலை யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பொதுவாக இந்த ரகசியத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முதலில் சொன்னேனே, அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் அல்லது தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்ததா என்பது. அதற்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால், நல்ல ஆய்வுக் குழு தாளை மடித்து உறையில் போட்டுவிட்டுப் போகாது. பயிற்சி பெற்ற ஒருவர் அன்றே உங்களோடு உட்கார்ந்து பேசுவார், உயிருக்கு ஆபத்து என்றால் வேறு உதவியையும் கூப்பிடுவார். அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். இல்லை என்றால் அந்த ஆய்வு வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் போகச் சொல்கிறேன்? 2008இல் ஒரு கணக்கு வந்தது. முக்கியமான உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். மனித மனம் என்று எழுதிவைத்ததெல்லாம் ஒரு மூலையில் இருப்பவர்களின் மனம். மீதிப் பேர் போய் உட்காராதவரை, நம் துக்கத்தையும் அவர்களின் அளவுகோலாலேயே அளந்துகொண்டிருப்போம்.

அதே ஆண்டு இன்னொரு கணக்கும் வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளைத் தேடிப் பார்த்தார்கள். அவற்றில் 31 சதவீதம் அச்சுக்கே வரவில்லை. மருந்து வேலை செய்தது என்று காட்டிய 38இல் 37 வெளிவந்திருந்தன. வராதவை பெரும்பாலும் பலன் தெரியாதவை. அந்த வெளிவராத ஆய்வுகளில் இருந்தவர்கள் 3,449 பேர். ஊசி குத்திக்கொண்டு, பக்கவிளைவைத் தாங்கிக்கொண்டு, வாரா வாரம் தங்கள் துயரத்தைச் சொன்ன 3,449 பேர். அவர்கள் கொடுத்ததை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதனால் சேரும் முன்பே கேளுங்கள். இந்த ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவீர்களா? எனக்கு ஒரு பிரதி அனுப்புவீர்களா?

நான் போன ஸ்கேன் ஆய்வின் படிவத்தில், ‘முடிவை எனக்கு அனுப்பவும்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. டிக் அடித்தேன். ஒன்றரை வருடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. போன் செய்தேன், யாரையோ கேட்கச் சொன்னார்கள். மறுபடி போன் செய்தேன். நான்காவது முறை ஒரு இளம் ஆய்வாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே இரண்டு பக்கம் அனுப்பினார். எதிர்பார்த்த வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே, கையால், ‘நீங்கள் கேட்ட பிறகு மற்ற எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம்’ என்று.

என் பேச்சு இவ்வளவுதான். இனி நீங்கள் கேளுங்கள்.