அம்மியை நகர்த்திய வாட்டர்வில்காரர்

விழாத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, விடியும் முன்பே பாயசத்துக்கு அடுப்பு மூட்டிய சகோதரிகளே, டப்ளின் வாழ் தமிழ்ப் பெற்றோர்களே, வணக்கம். உறுப்பினர் அவர்கள் இலையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டதைப் பார்த்து மனம் நிறைந்தது.

அயர்லாந்தின் சொந்த ஆட்டம், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்து. அதில் பெயர் பெற்று, 2025 ஏப்ரலில் 88 வயதில் மறைந்த மிக் ஓடுவையரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆட்டக்காரர், கெர்ரி மாவட்ட அணியின் பயிற்சியாளர், பிற மாவட்டங்களைத் தூக்கிவிட்டவர்.

வாட்டர்வில் என்ற கடலோரச் சிற்றூர்க்காரர். கெர்ரி அணிக்காக நான்கு முறை அகில அயர்லாந்துக் கோப்பை வென்றார். இரண்டு கால்களும் முறிந்த பிறகு திரும்பி வந்து, 1969இல் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்!

பயிற்சியாளராக 1975 முதல் 1986 வரை எட்டுக் கோப்பைகள். ஆனால் நான் சொல்ல விரும்புவது அவர் தோற்ற கதை. 1982 செப்டம்பர், டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் இறுதி ஆட்டம், நல்ல மழை. தொடர்ந்து நான்கு முறை வென்ற கெர்ரி ஐந்தாவதுக்கு நிற்கிறது. ஐந்தாவது வெற்றிக்குச் சட்டைகூட அச்சடித்தாகிவிட்டது! கடைசி நிமிடங்களில் கெர்ரி இரண்டு பாயிண்ட் முன்னிலை. கோல் அடித்தால் மூன்று பாயிண்ட். எதிரணியான ஆஃபலியில் மாற்று ஆளாக இறங்கிய ஷேமஸ் டார்பி, உயரமாக வந்த பந்தைப் பிடித்தார், திரும்பினார், அடித்தார். வலை குலுங்கியது. ஒரே பாயிண்டில் கெர்ரி தோற்றது. மறு ஆண்டு கார்க் அணியிடமும் கடைசி நேர கோலில் தோல்வி. ஓடுவையர் மூட்டை கட்டவில்லை. 1984, 85, 86, மூன்றும் கெர்ரிக்கே. அடிமேல் அடி, அம்மி நகர்ந்தது.

பிறகு கில்டேர் மாவட்டம் 1998இலும் லீஷ் மாவட்டம் 2003இலும் அவர் பயிற்சியில் லென்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றன.

பெற்றோர்களே, இந்த ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் இல்லை. குரோக் பார்க்கில் ஆடுகிறவரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்தான். எல்லாரும் ஊர்க் கிளப்பில் தொடங்கியவர்கள். நம் பிள்ளைகளோ சனிக்கிழமை காலை டியூஷனில் அடைந்து கிடக்கிறார்கள். டியூஷனை மாலைக்கு மாற்றுங்கள். பக்கத்துக் கிளப்பில் சேர்த்துவிடுங்கள், நீங்களும் எல்லைக்கோட்டில் நில்லுங்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், பெயர் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். பூட்ஸ் இல்லாத பிள்ளைக்குக் கால் அளவையும் எழுதுங்கள், வாங்கித் தருவது என் பொறுப்பு.